கடலில் பிடித்த சுறாவை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? மீனுக்கு முன் தாள்

சரக்கு முனையத்தில் அந்தத் தெர்மோகோல் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் மெல்ல மோதியது. கருமுனைச் சுறாக் குட்டி, ஆங்கிலப் பெயரில் சொன்னால் பிளாக்டிப் ரீஃப். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் என் ஏற்றுமதி அனுமதியில் ஒரு தேதியின் மேல் விரலை வைத்தபடி எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். அனுமதி காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

குட்டியைப் பறிமுதல் செய்தார்கள். முன்பணம் போனது போனதுதான். அந்தக் குட்டி என்ன ஆயிற்று என்று கடைசிவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அலைந்து, சட்டப்படி ஒரு மூங்கில் சுறாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த அலைச்சலில் கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சுறா வளர்ப்பது சட்டப்படி சரியா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அது பயன்படாது. "இந்த இனம், இந்தக் கடலில், இந்த ஆள் பிடித்தது, என் தொட்டி வரை எப்படி வந்தது என்று தாளில் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். அதற்குத்தான் பதில் உண்டு.

1. முதலில் பெயரைப் பிடியுங்கள்

விற்பவர் சொல்லும் பெயரை நம்பி ஒரு படிவத்தையும் நிரப்பாதீர்கள். அறிவியல் பெயர் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

"சிறுத்தைச் சுறா" என்று ஒருவர் விற்கிறார் என்று வையுங்கள். அது அமெரிக்க மேற்குக் கரையில் வாழும் டிரையாகிஸ் செமிஃபேசியாட்டாவாக இருக்கலாம். ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியா பக்கம் அதே பெயரில் அழைக்கப்படும் ஸ்டெகோஸ்டோமா டைக்ரினமாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு மீன், சட்டமும் வெவ்வேறு. "பூனைச் சுறா" என்று கடைகளில் வரும் கோடுபோட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பூனைச் சுறாவே அல்ல. மூங்கில் சுறாக்கள், கைலோசிலியம் வகை. பாலா ஷார்க், ரெட் டெய்ல் ஷார்க் என்று நன்னீர்த் தொட்டிக்கு வருபவையோ கெண்டை இனத்து மீன்கள். அவற்றுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. யாராவது "கருமுனைச் சுறா முட்டை" விற்கிறேன் என்றால் அந்த இடத்தைவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தக் குடும்பத்துச் சுறாக்கள் குட்டி போடுபவை, முட்டை இடுவதில்லை. மூங்கில் சுறா, எப்பாலெட் சுறா, கொம்புச் சுறா, பவளப் பூனைச் சுறா போன்றவைதான் முட்டையிடும்.

ரசீதில் "கைலோசிலியம் இனம்" என்று பாதியோடு நிறுத்தியிருந்தால் வாங்காதீர்கள். பேரினம் மட்டும் போதாது, சிற்றினமும் வேண்டும்.

2. சைட்டிஸ் பட்டியலைப் பாருங்கள்

அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் சைட்டிஸ். அதற்கு மூன்று பின்னிணைப்புகள் உண்டு. முதலாவதில் இருப்பதை இயற்கையிலிருந்து பிடித்து வணிகத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. இரண்டாவதில் இருந்தால் அனுமதியோடு கொண்டுபோகலாம். மூன்றாவதில் ஏதாவது ஒரு நாடு தன் பொறுப்பில் சேர்த்த இனங்கள் இருக்கும்.

பழைய புத்தகத்தையும் பழைய நண்பரையும் நம்பி ஏமாறும் இடம் இதுதான். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த கூட்டத்தில் கார்கரைனிடே குடும்பம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். அது 2023 நவம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. கருமுனைச் சுறாவும் வெண்முனைப் பவளச் சுறாவும் அதில் அடக்கம். நாம் பால்சுறா என்று சொல்லும் சின்னச் சுறாவும் அதே குடும்பம்தான். "நான் பத்து வருடமாகத் தாளே இல்லாமல் இறக்குகிறேன்" என்று ஒரு வியாபாரி என்னிடம் பெருமையடித்தார். அவர் சொன்னது அந்தத் தேதிக்கு முன் உண்மையாகவே இருந்திருக்கலாம்.

சுத்தியல்தலைச் சுறாக் குடும்பத்தில் மீதியிருந்த இனங்களும் கித்தார் மீன் குடும்பமும் அதே கூட்டத்தில் சேர்க்கப்பட்டன. ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன்கள் எல்லாம் முதல் பின்னிணைப்பில் இருக்கின்றன, அந்தப் பக்கமே போகாதீர்கள். மூங்கில் சுறா, எப்பாலெட் சுறா, பவளப் பூனைச் சுறா ஆகியவை நான் இதை எழுதும்போது பட்டியலில் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூட்டம் நடக்கிறது, அதனால் வாங்கும் வாரத்தில் மறுபடி பாருங்கள்.

பட்டியலில் இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எல்லையில் சைட்டிஸ் தாள் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். மற்ற சட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

3. பிடித்த இடத்தின் சட்டம்

கடலில் பிடித்த சுறா விஷயத்தில் பெரும்பாலானவர்கள் மாட்டுவது இங்கேதான். தூண்டில் உரிமம் இருக்கிறது, சுறா மாட்டியது, உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றும். பல இடங்களில் மீன்பிடி உரிமம் மீனைப் பிடிக்கத்தான். உயிரோடு கொண்டுபோக, வைத்திருக்க, விற்கத் தனி அனுமதி வேண்டும். அதற்கு மேல் தடைசெய்த இனங்கள், குறைந்தபட்ச நீளம், பருவம், பாதுகாக்கப்பட்ட பகுதி, எந்த வலை என்று ஐந்தாறு அடுக்கு உண்டு.

ஹவாயில் 2022 ஜனவரி 1 முதல் மாநிலக் கடற்பரப்பில் சுறாவை வேண்டுமென்றே பிடிப்பதே குற்றம். நியூயார்க் மாநிலத்தில் 2017 ஆகஸ்டில் ஒரு வீட்டின் அடித்தளத்தைச் சோதனையிட்டபோது 15 அடி அகல நீச்சல் தொட்டியில் ஏழு சாண்ட்பார் சுறாக்கள் உயிரோடு இருந்தன. பாதுகாக்கப்பட்ட இனம் அது. சுறாக்களைப் பொது மீன்காட்சியகத்துக்கு மாற்றினார்கள். வைத்திருந்தவருக்கு 2021இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

கலிபோர்னியா வழக்கு இன்னும் பாடம் தரும். அங்கே சிறுத்தைச் சுறா 36 அங்குலமாவது இருக்க வேண்டும். சிலர் முழ நீளம்கூட இல்லாத குட்டிகளைப் பிடித்து மீன் வியாபாரிகளுக்கு அனுப்பினார்கள். 2007இல் சிறைத் தண்டனை வரை போனது. வாங்கியவர்களுக்கும் இதில் எச்சரிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் லேசி சட்டப்படி, வேறொரு மாநிலத்தின் அல்லது நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்த உயிரினத்தை வாங்குவதும் கொண்டுபோவதும் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று கையை விரித்தால் தப்ப முடியாது. உரிய கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும்.

ஆகவே விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தக் கடற்பகுதி? எந்தத் தேதி? பிடித்தவரின் உரிம எண் என்ன? பிடித்தபோது நீளம் எவ்வளவு? மழுப்பல் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையோர நாடுகளின் எல்லைக்கு வெளியே, நடுக்கடலில் பிடித்தது என்பார்கள் சிலர். பட்டியலில் உள்ள இனமென்றால் அதற்கும் "கடலிலிருந்து கொண்டுவருதல்" என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. ஓட்டை என்று நினைத்த இடத்திலும் கதவு போட்டு வைத்திருக்கிறார்கள்.

4. உங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம்

மாநிலம், நகராட்சி, குடியிருப்புச் சங்கம், வாடகை ஒப்பந்தம் நான்கையும் பாருங்கள். சில ஊர்களில் ஆபத்தான விலங்குகள் பட்டியலில் "சுறா" என்று ஒற்றைச் சொல்லாகவே போட்டிருப்பார்கள், இனம் பிரித்திருக்க மாட்டார்கள். சில நாடுகளில் பட்டியலிட்ட இனத்தை வைத்திருப்பதையே பதிவு செய்ய வேண்டும். இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படி ஒரு பதிவைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டாம் பின்னிணைப்பு இனங்களுக்கும் இறக்குமதி அனுமதி தனியாக வேண்டும். ஏற்றுமதி அனுமதி மட்டும் போதும் என்று நினைத்து அங்கே அனுப்பினால் பெட்டி நின்றுவிடும்.

வீட்டுக் காப்பீட்டையும் ஒருமுறை படியுங்கள். ஆயிரம் லிட்டர் கடல்நீர் ஒரு டன்னைத் தாண்டும், கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி.

5. சேர்க்க வேண்டிய தாள்கள்

என் கோப்பில் இப்போது இருப்பதை அப்படியே சொல்கிறேன்.

பிடித்தவரின் உரிம நகலும், மீனைக் கரையில் இறக்கியதற்கான சீட்டும். வளர்ப்பில் பொரித்தது என்றால் பண்ணையின் கடிதம், தாய் தந்தை விவரத்தோடு.

ஒவ்வொரு கை மாறியதற்கும் ரசீது. பிடித்தவர் யாரிடம் கொடுத்தார், அவர் யாரிடம், கடைசியில் நான் யாரிடம் வாங்கினேன் என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். எல்லா ரசீதிலும் ஒரே அறிவியல் பெயர் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதற்காக எனக்கு மூன்று வாரம் போயிற்று.

பட்டியலிட்ட இனமென்றால் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி, நாட்டைப் பொறுத்து இறக்குமதி அனுமதி. ஏற்றுமதி அனுமதி தருமுன் சைட்டிஸுக்காக அந்த நாடு நியமித்த அறிவியல் அமைப்பு, இந்தப் பிடிப்பால் இனத்துக்குக் கேடில்லை என்று முடிவு சொல்ல வேண்டும். சட்டப்படிதான் பிடித்தார்கள் என்பதை அனுமதி வழங்கும் மேலாண்மை அமைப்பு உறுதி செய்ய வேண்டும். பல நாடுகளில் பல சுறா இனங்களுக்கு முதல் முடிவே கிடைக்காது. அப்படியென்றால் அனுமதியும் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

அரசுக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ். இது பெரும்பாலும் புறப்படுவதற்குச் சில நாட்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள்; முன்கூட்டி வாங்கி வைத்தால் வீண்.

இனி, அனுமதியில் வரும் ஓர் எழுத்தைப் பற்றி. மூலக் குறியீடு என்பார்கள். டபிள்யூ என்றால் இயற்கையிலிருந்து பிடித்தது. சி என்றால் முறைப்படி வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்தது. எஃப் என்றால் வளர்ப்பில் பிறந்தது, ஆனால் சி-க்கான நிபந்தனைகளை நிறைவு செய்யாதது. பட்டியலில் இல்லாத இனங்களுக்கும் சில நாடுகளின் இறக்குமதிப் படிவம் இதே எழுத்தைக் கேட்கும். இதில்தான் தில்லுமுல்லு அதிகம். கடலில் பிடித்த சினைப் பெட்டை தொட்டியில் முட்டையிட்டு, அது பொரித்துவிட்டால் "வளர்ப்பு" என்று சி போட்டுவிடுவார்கள். அது சி ஆகாது. பெற்றோர் இணை சேர்ந்ததே தொட்டியில் நடந்திருக்க வேண்டும். எனக்கும் ஒருவர் "சி போட்டுத் தருகிறேன், சீக்கிரம் முடியும்" என்றார். சீக்கிரம் முடியும்தான். பொய்த் தகவல் தந்ததாக வழக்கு வந்தால் படிவத்தில் இறக்குமதி செய்பவர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயர், அவர் பெயர் அல்ல.

பட்டியலில் சேர்க்கும் முன்பே வாங்கிய சுறா உங்களிடம் இருந்தால், அந்தப் பழைய ரசீதைத் தங்கம்போல் பாதுகாத்து வையுங்கள். ஒப்பந்தத்துக்கு முந்தையது என்று சான்று வாங்க அதுதான் முக்கிய ஆதாரம்.

6. காலக்கணக்கு

சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதிக்கு அதிகபட்ச ஆயுள் ஆறு மாதம். கேட்க நிறைய போலத் தெரியும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் விற்பவர் குட்டியைத் தேடப் போவார், குட்டி தொட்டியில் தின்னப் பழக வேண்டும், விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும், உடல்நலச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எனக்கு விமானம் இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது தேதியை யாரும் அனுமதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நானும்தான்.

காலாவதியான பிறகு நீட்டிப்பு என்று ஒன்று கிடையாது. திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். பெட்டி புறப்பட்ட பிறகு பின்தேதியிட்டு அனுமதி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

நான் இப்போது பின்னாலிருந்து எண்ணுகிறேன். விமான நாள் இது, அதற்கு முந்தைய வாரம் மருத்துவர், அதற்கு முன் ஒரு மாதம் குட்டி தின்கிறதா என்று பார்ப்பது, அதற்கு முன் அனுமதி. இறங்கும் நாள் வார விடுமுறைக்கு முந்தைய நாளாக இருக்கக் கூடாது. அலுவலர் மாலையில் வீட்டுக்குப் போய்விட்டால் சுறா இரண்டு நாள் பையில் கிடக்கும்.

தொட்டியை எல்லாவற்றுக்கும் முன்பே நிரப்பி ஓடவிடுங்கள். அனுமதி தாமதமானால் தொட்டி காத்திருக்கும். தொட்டி தாமதமானால் அனுமதி காத்திருக்காது.

7. செலவு எங்கே போகும்

மீனுக்குக் கொடுத்த தொகை என் மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. விண்ணப்பக் கட்டணம், மருத்துவர், சுங்க முகவர், அலுவலர் நேரில் வந்து சோதிக்கும் கட்டணம், அலுவல் நேரத்துக்கு வெளியே வந்தால் கூடுதல், எல்லாவற்றுக்கும் மேல் விமானச் சரக்கு. சுறாவின் எடைக்குக் கட்டணம் இல்லை. தண்ணீரின் எடைக்கும் பெட்டியின் பருமனுக்கும்தான். உயிருள்ள விலங்குகளுக்காகப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் (ஐயாட்டா) வகுத்த விதிப்படி கட்டிய பெட்டி இல்லையென்றால் விமான நிறுவனம் ஏற்றாது.

பேரம் பேச வேண்டியது விலையில் அல்ல, முன்பணத்தில். "ஏற்றுமதி அனுமதியின் நகல் வந்த பிறகே பாதித்தொகை, தாள் பிழையால் பெட்டி நின்றால் முழுத்தொகையும் திரும்ப" என்று எழுதி வாங்குங்கள். நான் எழுதி வாங்கவில்லை.

8. இறங்கும் நாள்

அசல் அனுமதி சரக்கோடு வர வேண்டும், நகல் செல்லாது. சில நாடுகளில் வனவிலங்கு இறங்க அனுமதித்த விமான நிலையங்கள் குறிப்பிட்ட சிலவே. வேறு நிலையத்தில் இறங்கினால் தாள் எல்லாம் சரியாக இருந்தும் சிக்கல்.

இரண்டாவது முறை போனபோது அலுவலர் டேப்பைப் பிரித்து, மூடியைத் தூக்கி, ஆக்சிஜன் நிரப்பிய பையின் மேல் டார்ச் அடித்தார். உள்ளே சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேல், கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட குட்டி, செவுள்கள் மட்டும் அசைய அடியில் படுத்திருந்தது. அவர் நான் கொடுத்த படத்தையும் குட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். எல்லாம் நான்கு நிமிடம்.

மூங்கில் சுறா இப்படி அசையாமல் படுத்து, வாயால் நீரை இழுத்து மூச்சுவிடும். கருமுனைச் சுறா நீந்திக்கொண்டே இருக்க வேண்டிய மீன், ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். என் முதல் குட்டி வீடு வந்து சேராததில் எனக்கு இப்போது வருத்தமில்லை. சட்டம் அனுமதித்தாலும் அதற்கு வீட்டுத் தொட்டி போதாது.

9. வீட்டுக்கு வந்த பிறகு

மாதம் ஒரு படம், அளவுகோலோடு. இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். பழுப்புப் பட்டை மூங்கில் சுறா, கைலோசிலியம் பங்டேட்டம், குட்டியாக இருக்கும்போதுதான் பட்டையோடு இருக்கும். வளர வளரப் பட்டை மங்கி முழுப் பழுப்பாகிவிடும். இரண்டு வருடம் கழித்து யாராவது சோதனைக்கு வந்தால் இறக்குமதிப் படத்தில் இருப்பதும் தொட்டியில் இருப்பதும் ஒரே மீன் என்று அந்த மாதாந்திரப் படங்கள்தான் சொல்லும்.

வளர்க்க முடியவில்லை என்று கடலில் விடாதீர்கள். பல இடங்களில் அதுவும் குற்றம், நோய் பரப்பவும் வாய்ப்புண்டு. பொது மீன்காட்சியகம் வாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் கேட்ட மூன்றும் மறுத்துவிட்டன. விற்றாலோ கொடுத்தாலோ கோப்பின் நகல் மீனோடு போக வேண்டும். பட்டியலிட்ட இனம் இறந்தால் பதிவு செய்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதன் தாடையையோ துடுப்பையோ காயவைத்து யாருக்காவது எல்லை தாண்டி அனுப்பினால் அதற்கும் அனுமதி தேவை.

கடைசியாக, முட்டை. என் தொட்டியில் ஒரே ஒரு பெட்டைதான். போன மாதம் வடிகட்டிக் குழாயில் நார் சுற்றிய பழுப்பு நிறப் பை ஒன்று சிக்கியிருந்தது, அடுத்த வாரம் இன்னொன்று. ஆண் இல்லாமல் இடும் முட்டை பெரும்பாலும் வெற்று. ஆனால் மூங்கில் சுறாக்களில் இணை சேராத பெட்டையின் முட்டை பொரித்ததும் உண்டு. முன்பே இணை சேர்ந்த பெட்டையானால் விந்தைச் சேமித்தும் வைக்கும். கலிபோர்னியாவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தில் குறைந்தது 45 மாதம் சேமித்தது பதிவாகியிருக்கிறது. குட்டி வந்தால், "இரண்டாவது சுறா எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியும் வரும். அதனால் இரண்டு முட்டைகளையும் கண்ட அன்றே படமெடுத்து, தேதி போட்டுக் கோப்பில் சேர்த்தேன். உரிம அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதினேன். இருட்டில் பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தால் முதல் பையில் ஏதோ நெளிவதுபோல் இருக்கிறது. பொரிக்க நான்கைந்து மாதம் ஆகும். அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.